கேட்காமல் விடக்கூடிய கேள்விகள்

(அரசு அலுவலர்களும் மென்பொருள் துறையினரும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசின் இணையச் சேவைகளை மக்கள் எளிதாகப் பயன்படுத்த என்ன செய்யலாம் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இந்தத் தலைப்பைச் சொன்னதும் பலர் மனத்தில் வருவது முகப்புப் பக்கத்தின் நிறமும் அங்கே ஓடும் படங்களும்தான். அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. 2021 மே மாதத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

அந்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று, 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்குக் கோவின் தளத்தில் கொரோனா தடுப்பூசிப் பதிவு திறந்தது. மே 1 முதல் ஊசி. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. ஆக்சிஜன் படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் காத்துக் கிடந்தன. இந்த வயதினர் நேரே போய்ப் பெயர் கொடுத்து ஊசி போட்டுக்கொள்ளத் தொடக்கத்தில் வழியே இல்லை. தளத்தில் பதிந்து, இடமும் நாளும் எடுத்த பிறகுதான் போக முடியும். தளமோ ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது.

ஊசி கொஞ்சம், கேட்பவர்கள் கோடிக்கணக்கில். ஓடிபி வந்து, அதை அடித்து, கோணல்மாணலான கேப்சா எழுத்துகளைப் படித்து அடிப்பதற்குள் இடங்கள் தீர்ந்துவிடும். நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்கள், இடம் திறந்த நொடியில் தகவல் சொல்லும் டெலிகிராம் சேனல்களை உருவாக்கினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பலருக்கு அவர்களால் ஊசி கிடைத்தது. ஆனால் அந்தச் சேனல் யாருடைய கைபேசியில் இருந்தது? நகரத்துக்காரர்கள் காரில் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு திரும்புவதாகப் பல மாநிலங்களிலிருந்து செய்தி வந்தது. உள்ளூர்க்காரருக்கு உரிய இடம், அவரைவிட வேகமாகத் திரையைத் தட்டத் தெரிந்தவருக்குப் போனது.

உச்ச நீதிமன்றம் தானாக எடுத்து விசாரித்த வழக்கில், 2021 மே 31 அன்று நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், நாகேஸ்வர ராவ், ரவீந்திர பட் ஆகியோர் ஓர் உத்தரவு போட்டார்கள். இங்கே இருக்கும் மென்பொருள் மாணவர்கள் அந்த உத்தரவைத் தேடிப் படிக்க வேண்டும். நீதிபதிகள் எழுதியது என்று தெரியாவிட்டால், நல்ல வடிவமைப்பாளர் ஒருவர் எழுதிய சோதனை அறிக்கை என்றே நினைப்பீர்கள். கேப்சாவைக் காதால் கேட்க வழியில்லை என்று அதில் இருக்கிறது. வயது, ஊசியின் பெயர், இலவசமா கட்டணமா என்று வடிகட்டும் பொத்தான்கள் பார்வையற்றோர் பயன்படுத்தும் விதத்தில் இல்லை என்று இருக்கிறது. பார்வையற்ற ஒருவரால் எத்தனை இடம் காலி என்று அறிய முடிகிறது, ஆனால் அது எந்த நாளுக்கு உரியது என்று அறிய முடியவில்லை என்று இருக்கிறது. விசைப்பலகையால் மட்டும் தளத்தில் நகர முடியவில்லை, மாற்றுத்திறனாளிகள் பதிந்து முடிப்பதற்குள் தளம் வெளியே தள்ளாமல் போதிய நேரம் தர வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. நாள் தெரியாமல் எண்ணிக்கை மட்டும் தெரிவது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை ஒரு நிமிடம் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள்.

ஜூன் மாதம் இந்தி உட்பட வட்டார மொழிகள் கோவினில் வந்தன. முதலில் வந்த பட்டியலில் தமிழ் இல்லை. இங்கிருந்து எதிர்ப்புக் கிளம்பிய பிறகு சேர்த்தார்கள். நேரில் போய்ப் பதிவு செய்துகொள்ளும் வழியும் படிப்படியாகத் திறந்தது. அதன் பிறகு அதே கோவின் 200 கோடித் தவணைக்கு மேல் கணக்கு வைத்தது. சான்றிதழை நொடியில் கைபேசிக்குத் தந்தது. பின்னால் இருந்த பொறியியல் உலகத் தரமானது, அதில் எனக்கு ஐயமில்லை. தடை வாசலில்தான் இருந்தது. வாசலை அமைத்தவர்கள், வெளியே நிற்பவர்கள் எல்லோரையும் தங்களைப் போன்றவர்களாகவே எண்ணிவிட்டார்கள். ஆங்கிலம் தெரியும், கண் தெரியும், சொந்தமாகக் கைபேசி உண்டு, விரல் வேகமாக ஓடும் என்று.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில், ஒரு தாலுகா ஊரில், எனக்குப் பழக்கமான ஒருவர் நடத்தும் கணினி மையத்தில் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். எந்தத் துறை, எந்தத் தளம் என்று சொல்லப் போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும். மையத்துத் தம்பி விவரங்களை அடித்துக்கொண்டே வந்தவர், “அக்கா, ஓடிபி வந்திருக்கும் பாருங்க” என்றார். வரவில்லை. பதிவில் இருந்த எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனுடையது. கூப்பிட்டார்கள். ஷிப்டில் இருந்தான், எடுக்கவில்லை. எடுத்து எண்ணைச் சொன்னபோது அது காலாவதியாகிவிட்டது. மறுபடி அனுப்பி, மறுபடி கூப்பிட்டு உள்ளே போனார்கள். அடுத்தது முகவரி. கதவு எண் 4/112. பொத்தானை அழுத்தியதும், தமிழ்ப் பக்கத்தின் தலையில் சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. உள்ளீடு செல்லாது என்பது அதன் பொருள். எந்த உள்ளீடு, ஏன் செல்லாது என்று ஒன்றும் இல்லை. நான் திரையை மேலும் கீழும் பார்த்தேன். தம்பி பார்க்கவே இல்லை. கை தானாகப் போய் அந்தச் சாய்கோட்டை அழித்து, சிறுகோடு போட்டது. 4-112. தளம் ஏற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டில் ஏராளமான வீடுகளின் கதவு எண்ணில் சாய்கோடு இருக்கிறது. பழைய எண், புதிய எண் இரண்டும் இருக்கும் தெருக்களில் சாய்கோடு இல்லாமல் முகவரியே எழுத முடியாது. அந்தத் தளத்தை எழுதியவர் பாதுகாப்புக் காரணத்துக்காகச் சில குறிகளைத் தடுத்திருப்பார். அது எனக்குப் புரிகிறது. ஆனால் தடுத்ததை அந்த அம்மாவிடம் தளம் சொல்லவில்லை. அதை அறிந்திருந்தவர் மையத்துத் தம்பி மட்டுமே. அந்த ஒரு குறியை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். “முதல்ல ரெண்டு நாள் ஒண்ணும் புரியல சார். அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன்” என்றார்.

அவரிடம் மேலும் பேச்சுக் கொடுத்தேன். படம் எத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும், எந்தத் தளம் எந்த நேரத்தில் மெதுவாகும், எந்தப் பக்கத்தில் பின்செல் பொத்தானைத் தொடவே கூடாது, பணம் பிடித்துக்கொண்டு ரசீது வராவிட்டால் எத்தனை நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், எந்தத் தளத்தில் ஊர்ப் பெயர் இரண்டு விதமாக இருக்கிறது, அதில் எதைத் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பம் திரும்பி வரும். மடைதிறந்தாற்போல் சொல்லிக்கொண்டே போனார். நான் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்தத் தம்பியின் தலையில் இருப்பது முழுக்க முழுக்க அரசுத் தளங்களின் குறைப்பட்டியல். மக்கள் அரசுக் கட்டணத்துக்கு மேலே அவருக்குக் கொடுக்கும் பணம், அந்தக் குறைகளைத் தாண்டுவதற்கான கூலி. தமிழ்நாட்டில் இ-சேவை மையங்களிலும் தனியார் கணினி மையங்களிலும் இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தினமும் இந்தத் தளங்களோடு மல்லுக்கட்டுபவர்கள் அவர்கள். புதிய தளம் கட்டும்போது அவர்களில் எத்தனை பேரைக் கூப்பிட்டுக் கேட்கிறோம்? அந்தத் தம்பியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

அமெரிக்க ஆய்வாளர்கள் பமீலா ஹெர்டும் டொனால்ட் மொய்னிகனும் அரசு நடைமுறைகள் மக்கள் மேல் ஏற்றும் இத்தகைய சுமைகளைப் பற்றி 2018-இல் ஒரு நூலே எழுதினார்கள். ஒரு சலுகை இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு ஆகும் பாடு, அதற்கான தாள்களைத் திரட்ட ஆகும் பாடு, இவற்றால் மனத்துக்கு ஏறும் பாரம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். மூன்றாவதைத்தான் நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. அந்த அம்மா அரை நாள் கூலியை இழந்தார், பேருந்துக்குச் செலவழித்தார், அதையெல்லாம் எண்ணிவிடலாம். சிவப்பு எழுத்து வந்தபோது மகளைத் திரும்பிப் பார்த்து, “நீ ஏதும் தப்பாச் சொன்னியா?” என்று கேட்டாரே, அதை எண்ண முடியாது. தளம் செய்த பிழைக்கு ஒரு தாய் தன் மகளைச் சந்தேகப்பட்டார்.

இத்தனைக்கும், அந்த விண்ணப்பத்தில் கேட்ட விவரங்களில் பெரும்பகுதி அரசிடம் ஏற்கெனவே இருந்தது. குடும்ப உறுப்பினர்கள் யார் யார் என்பது உணவு வழங்கல் துறைக்குத் தெரியும். நிலம் வருவாய்த் துறைக்குத் தெரியும். மகளின் பள்ளி விவரம் கல்வித் துறைக்குத் தெரியும். ஒரு துறையிடமிருந்து தாளை வாங்கி, ஸ்கேன் செய்து, இன்னொரு துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அஞ்சல்காரர் வேலையை மக்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதை மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் தமிழ்நாடு இதை மாற்றிக் காட்டியிருக்கிறது. 2023-இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள், ஐந்து ஏக்கர் நன்செய் அல்லது பத்து ஏக்கர் புன்செய்க்கு மேல் நிலம் இல்லாமை, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் மின் பயன்பாடு என்று தகுதிகள் வைத்தார்கள். வழக்கமான முறையில் போயிருந்தால் வருமானச் சான்று, நில ஆவணம் என்று கேட்டிருப்பார்கள். கோடிப் பேர் தாலுகா அலுவலகத்தில் நின்றிருப்பார்கள். அப்படிச் செய்யவில்லை. வருமானச் சான்றோ நில ஆவணமோ இணைக்கத் தேவையில்லை என்று அறிவித்தார்கள். ரேஷன் கடை வழியாக டோக்கன் கொடுத்து, முகாமில் உட்கார்ந்து, அரசுத் தரப்பினரே பதிந்துகொண்டார்கள். தகுதியை அரசு தன் தரவுகளில் தானே சரிபார்த்தது. ஏறத்தாழ 1.63 கோடி விண்ணப்பங்கள், 1.06 கோடிப் பெண்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 15 முதல் மாதம் 1,000 ரூபாய். விடுபட்டவர்கள் உண்டு, முறையீடுகள் உண்டு, அவை பற்றிய விவாதம் வேறு. இன்றைய பேச்சுக்கு எனக்கு வேண்டியது ஒரே செய்தி: துறைகள் மனம் வைத்தால் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ள முடியும். எஸ்தோனியா 2001-இலேயே எக்ஸ்-ரோடு என்ற இணைப்பு முறையால் இதைச் செய்தது. அங்கே ஒரே தரவைத் திரட்ட இன்னொரு தரவுத்தளம் தொடங்கச் சட்டமே இடம் தராது. ஆனால் எஸ்தோனியாவை எடுத்துக்காட்டினால் “அது சின்ன நாடு” என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். 1.63 கோடி விண்ணப்பங்களைச் சின்ன எண்ணிக்கை என்று யாரும் சொல்ல முடியாது.

தரவுகளை இணைக்கும்போது தனியுரிமை பற்றிய கவலை வரும். நியாயமான கவலை. எந்த விவரத்தை எந்தத் துறை பார்த்தது என்பதை மக்களே பார்க்கும் வசதி எஸ்தோனியாவில் இருக்கிறது. அந்த வசதி இல்லாமல் இங்கே இணைப்பை மட்டும் கொண்டுவருவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அரசிடம் ஏற்கெனவே இருப்பதைக் கேட்காமல் விடலாம். அடுத்து, கேட்டே ஆக வேண்டிய ஒன்று: பெயர். இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்க விரும்புகிறேன். தமிழர்களை இணையதளங்கள் படுத்தும் பாட்டில் பெரும்பங்கு இந்த ஒரு கட்டத்தில் இருக்கிறது.

நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஒரு பெயர், முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து. ஆனால் விண்ணப்பங்கள் முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டங்களோடு வருகின்றன. கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டால் மேலே போக விடாது. முருகனின் மகள் செல்வி என்ன செய்வாள்? பள்ளிச் சான்றிதழில் செல்வி எம். வங்கிக் கணக்கில் எம். செல்வி. பான் அட்டைக்கு இனிஷியலை மட்டும் எழுதக் கூடாது, விரித்து எழுத வேண்டும் என்பதால் அங்கே செல்வி முருகன். கல்யாணம் ஆனதும் சில ஆவணங்களில் இனிஷியல் கணவருடையதாக மாறும். மனிதர் பார்த்தால் எல்லாம் ஒரே ஆள். கணினிக்கு நான்கு பேர். பான் எண்ணை ஆதாருடன் இணைக்க 2023 ஜூன் 30 கடைசி நாள் என்று வந்தபோது, ஆயிரம் ரூபாய் தாமதக் கட்டணத்தையும் கட்டிவிட்டு, பெயர் பொருந்தவில்லை என்ற பதிலைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். வருங்கால வைப்பு நிதியை எடுக்கப் போகிறவர்களுக்கும் இதே கதை. உழைத்துச் சேர்த்த பணம், ஒரு புள்ளியும் ஓர் இடைவெளியும் பொருந்தாததால் நிற்கிறது.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களுக்குச் சுற்றுலா, பார்வையாளர் விசாவில் அனுமதி இல்லை என்று சொன்னது. குடும்பப் பெயர்க் கட்டத்தை முறையாகக் காலியாக விட்டிருந்தவர்கள் விமான நிலையத்தில் தவித்தார்கள். இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் வந்தது. மலேசியத் தமிழர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே மகன், மகள் என்பதைக் குறிக்க ஏ/எல், ஏ/பி என்று பெயருக்கு நடுவே எழுதும் வழக்கம். அந்தச் சாய்கோட்டை ஏற்காத விண்ணப்பங்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். நம் கதவு எண்ணைத் தடுத்த அதே சாய்கோடு.

தீர்வு கடினமானது அல்ல. முழுப்பெயர் என்று ஒரே ஒரு கட்டம் போதும். எழுத்து நீளத்துக்கு நியாயமான இடம். புள்ளி, இடைவெளி, சாய்கோடு, ஒற்றை எழுத்து எல்லாவற்றையும் ஏற்கட்டும். இரண்டு ஆவணங்களை ஒப்பிடும்போது புள்ளியையும் வரிசையையும் பொருட்படுத்தாமல் ஒப்பிடட்டும். லட்சுமியை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள் என்பது தெரிந்த நிரலாக இருக்கட்டும். ஐயம் இருந்தால் ஒரு மனிதர் பார்க்கட்டும். முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைத்தால்தான் மிகப் பலவகையான பெயர்களுக்கு இடம் கிடைக்கும் என்று பிரிட்டிஷ் அரசின் வடிவமைப்பு வழிகாட்டி சொல்கிறது. குடும்பப் பெயர் வழக்கம் உள்ள நாடே அப்படிச் சொல்லும்போது, அந்த வழக்கமே இல்லாத நாம் மூன்று கட்டங்களைக் கட்டிக்கொண்டு அழுவது ஏன்?

பிரிட்டனைக் குறிப்பிட்டதால் அந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010-இல் இணையத் தொழில்முனைவோரான மார்த்தா லேன் ஃபாக்ஸ், அரசின் இணையதளங்களைச் சில்லறையாகத் திருத்திப் பயனில்லை, அடியோடு மாற்ற வேண்டும் என்று அறிக்கை தந்தார். அடுத்த ஆண்டு அரசுக்குள்ளேயே ஒரு டிஜிட்டல் பிரிவு உருவானது. 2012 அக்டோபர் 17 அன்று கவ் டாட் யூகே என்ற ஒரே தளம் பழைய இரண்டு பெரிய தளங்களுக்குப் பதிலாக வந்தது. பிறகு துறைகளின் தனித்தளங்களும் ஒவ்வொன்றாக அதில் சேர்ந்தன. பார்த்தால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். அமைச்சர் படம் முகப்பில் ஓடாது. லண்டன் டிசைன் மியூசியம் 2013-இல் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதை அதற்குத்தான் கொடுத்தது.

அவர்கள் செய்ததில் பெரும்பகுதி நீக்குவதுதான். நோயாளியைப் பராமரிப்பவர்களுக்கான உதவித்தொகை ஒன்று அங்கே உண்டு. அதன் விண்ணப்பத்தை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் இது எதற்கு, பதிலை வைத்து யார் என்ன முடிவெடுக்கிறார்கள் என்று கேட்டார்கள். 170 கேள்விகள் போயின, கிட்டத்தட்ட பாதி. இரவெல்லாம் விழித்துத் தாயையோ கணவனையோ பார்த்துக்கொள்ளும் ஒருவர் நிரப்ப வேண்டிய விண்ணப்பம் அது என்பதை மனத்தில் வைத்துப் பாருங்கள், அந்த 170-இன் மதிப்பு தெரியும்.

மீதியிருக்கும் கேள்விகளை ஒரு பக்கத்துக்கு ஒன்றாகக் கேட்டார்கள். சிறிய கைபேசித் திரையில், மெதுவான இணைப்பில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டிருப்பவருக்கும் அது போதும். பிறந்த தேதிக்கு நாட்காட்டியைத் திறந்து ஐம்பது ஆண்டு பின்னால் நகர்த்தச் சொல்லாமல், நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டங்களில் அடிக்கச் சொன்னார்கள். பிழை வந்தால் பக்கத்தின் தலையில் ஒருமுறை, பிழை நேர்ந்த கட்டத்துக்குப் பக்கத்தில் ஒருமுறை, எதை எப்படித் திருத்த வேண்டும் என்று சாதாரணச் சொற்களில் எழுதினார்கள். கதவு எண்ணில் சாய்கோடு வேண்டாம் என்று அன்று ஒரு வரி இருந்திருந்தால் அந்த அம்மா மகளைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

அவர்களும் தோற்றிருக்கிறார்கள். வெரிஃபை என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையை 2016-இல் முழுமையாகக் கொண்டுவந்தார்கள். முயன்றவர்களில் பாதிப் பேருக்கும் குறைவானவர்களுக்கே அது வெற்றியாக முடிந்தது என்று 2019-இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் சொன்னது. கடன் வரலாறு போன்ற தடயங்களை வைத்து ஆளை உறுதி செய்யும் முறை அது. கடனே வாங்காத இளைஞருக்கும் ஏழைக்கும் அங்கே தடயம் இருக்காது. 2023-இல் மூடிவிட்டார்கள். நல்ல வடிவமைப்பாளர்கள் இருந்தும், தாங்கள் கேட்கும் கேள்விக்கு யாரிடம் பதில் இருக்காது என்று பார்க்கத் தவறினால் இதுதான் நடக்கும்.

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர் டாட் கவ் கதையும் இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. 2013 அக்டோபர் 1 அன்று 36 மாநில மக்களுக்காகத் திறந்த தளத்தில், முதல் நாள் காப்பீடு எடுத்து முடித்தவர்கள் ஆறு பேர். காரணங்கள் பல, அவற்றில் ஒன்று, கணக்குத் தொடங்கினால்தான் திட்டங்களின் விலையையே பார்க்க முடியும் என்று வைத்தது. சும்மா விலை பார்க்க வந்த லட்சக்கணக்கானவர்களும் ஒரே குறுகிய வழியில் முட்டிக்கொண்டார்கள். நம் தளங்களில் படிவத்தின் பெயரைத் தெரிந்துகொள்ளக்கூட உள்நுழையச் சொல்கிறார்களே, அதை இந்த வெளிச்சத்தில் யோசியுங்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் அலுவலர்களுக்கு என் வேண்டுகோளைச் சொல்கிறேன். ஒரு தளத்துக்கு ஒப்பந்தம் போடும்போது எத்தனை பக்கங்கள், எத்தனை மாடியூல்கள், பாதுகாப்புத் தணிக்கைச் சான்று உண்டா என்று எழுதுகிறோம். வெளியாட்கள் உட்கார்ந்து பயன்படுத்திப் பார்த்தார்களா என்று ஒரு வரி எழுதுவதில்லை. எழுதாத வேலைக்கு நிறுவனம் பணம் செலவழிக்காது. அந்த வரியை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இதற்குப் பெரிய செலவும் இல்லை. ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இலேயே எழுதினார். அந்த ஐந்து பேரைத் தலைமைச் செயலகத்தில் தேடாதீர்கள். ரேஷன் கடை வரிசையில் ஒருவர், பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவர், விரல் ரேகை தேய்ந்துபோன கட்டுமானத் தொழிலாளி ஒருவர், ஓய்வூதியர் ஒருவர், கணினி மையத்துத் தம்பி ஒருவர். கையில் அவர்களுடைய கைபேசியே இருக்கட்டும். பக்கத்தில் உட்காருங்கள், எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காமல் உட்காருங்கள். அதுதான் கடினம், நாக்கு துடிக்கும்.

மாணவர்களுக்கு ஒன்று. தமிழ்ப் பொத்தானை அழுத்தினால் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக வரும் பக்கங்களையும், வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டதால், தேடினால் ஒரு சொல்லும் அகப்படாத அரசாணை பிடிஎஃப்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். யூனிகோடு வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இந்தப் பழைய ஆவணங்களைத் தேடத்தக்க எழுத்துக்கு மாற்றுவது உங்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்குப் பொருத்தமான வேலை; ஒரு வட்டத்தின் ஆவணங்களோடு தொடங்கினாலும் போதும், அந்த ஊர் மக்களுக்கு உடனே பயன்படும்.

இதெல்லாம் சலுகை கேட்பதாக யாரும் எண்ண வேண்டாம். முகம் அமிலத்தால் சிதைந்தவர்கள் தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் தீர்ப்பளித்தார்கள். வங்கிக் கணக்குக்கான இணையவழிச் சரிபார்ப்பில் கேமரா முன்னால் கண் இமைக்கச் சொல்வார்கள். இமையே இல்லாதவர் எப்படி இமைப்பார்? உயிருடன் இருக்கிறார் என்பதை நிரூபிக்க அவரிடம் அந்தத் தளம் கேட்ட ஒரே சான்று, அவரால் தர முடியாத ஒன்று. இணையச் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. இனி ஓர் அரசுத் தளம் ஒருவருக்கு எட்டவில்லை என்றால் அது உரிமை மீறல். தளத்தின் பொறுப்பாளர் யார் என்ற கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு பதவியும் ஒவ்வொரு துறையிலும் இருந்தாக வேண்டும். அப்படி ஒருவர் இருக்கும் துறை எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

பிளஸ் டூ முடிவுகள் மே மாதம் வரும். வந்த மறுநாளிலிருந்து சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று கேட்டு லட்சக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் இந்தத் தளங்களுக்குள் வரும். எல்லாத் துறைகளையும் இணைக்க ஆண்டுகள் ஆகலாம். பெயர்க் கட்டத்தை ஒன்றாக்குவதற்கும், கதவு எண்ணில் சாய்கோட்டை ஏற்பதற்கும், பிழைச் செய்திகளைத் தமிழில் எழுதுவதற்கும், ஓடிபியின் ஆயுளைச் சில நிமிடம் கூட்டுவதற்கும் சில வாரங்கள் போதும். ஏப்ரலுக்குள் முடித்துவிடலாம். அந்தக் கணினி மையத்தில் நான் எழுதிவந்த குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் வேண்டியவர்கள் பிரதி எடுத்துக்கொள்ளலாம். துறைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.